வாசனை மெழுகுவர்த்திகளை விலைவாரியாக ஒப்பிடுவது எப்படி? தராசோடு தொடங்குங்கள்

வாசனை மெழுகுவர்த்தி வாங்கலாம் என்று முதன்முறையாகத் தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். பார்க்க ஒரே அளவு, பெயரும் ஒரே லாவண்டர்தான், ஆனால் ஒன்றுக்குக் கொடுக்கும் காசில் இன்னொன்றை எட்டு வாங்கிவிடலாம். ஏன் இவ்வளவு வித்தியாசம், அந்த வித்தியாசம் நம் வீட்டு அறைக்குள் தெரியுமா என்பதை எந்த டப்பாவும் சொல்லாது.

நானும் அங்கேதான் நின்றேன். மலிவு, நடுத்தரம், உயர்விலை என்று மூன்று வாங்கினேன். மூன்றையும் ஒரே மாலையில், ஒரே அறையில், அடுத்தடுத்து ஏற்றினேன். அரை மணி நேரத்தில் எந்த வாசனை எதிலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, ஒரு மணி நேரத்தில் தலை வலித்தது. மறுநாள் பார்த்தால் மலிவானதன் நடுவில் விரல் நுழைகிற அளவுக்குக் குழி விழுந்து, சுற்றிலும் மெழுகு கிணற்றுச் சுவர்போல அப்படியே நின்றது. 200 கிராம் என்று அச்சிட்டிருந்த அந்தத் தகர டப்பாவைப் பிறகு எடைபோட்டபோதுதான் தெரிந்தது, அந்த 200 என்பது டப்பாவோடு சேர்த்த எடை. உள்ளே இருந்த மெழுகு 148 கிராம்.

முதல் சுற்று முழுக்க வீணாகப் போனது. இரண்டாவது சுற்றை ஒழுங்காகச் செய்தேன், அதற்கு ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆனது. அதில் கற்றதைத்தான் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். இப்படியே செய்தால் உங்களுக்கு ஒரு சுற்று போதும்.

தேவையான பொருட்கள் குறைவுதான்: 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, ஒரு குறிப்பேடு, சின்னக் கத்தரிக்கோல், ஒரு கடிகாரம். தராசு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

1. ஒப்பிடக்கூடியவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்

மூன்று விலையிலும் ஒரே வகை வாசனையைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று எலுமிச்சை, இன்னொன்று சந்தனம் என்று வாங்கி ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது விலையை அல்ல, வாசனைகளின் இயல்பை. எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரியான வாசனைகள் சீக்கிரம் ஆவியாகும், வந்த வேகத்தில் போய்விடும். சந்தனம், வெனிலா, அம்பர் எல்லாம் கனமானவை, மெல்ல வந்து நெடுநேரம் தங்கும். எவ்வளவு விலை கொடுத்தாலும் எலுமிச்சை சந்தனம்போலத் தங்காது.

அதேபோல ஒற்றைத் திரி என்றால் மூன்றுமே ஒற்றைத் திரியாக இருக்கட்டும். மூன்று திரி போட்ட அகல ஜாடி ஒரே நேரத்தில் நிறைய மெழுகை உருக்கும், அதனால் அறை சீக்கிரம் மணக்கும், மெழுகும் சீக்கிரம் தீரும். அதைப் பக்கத்தில் வைத்தால் ஒற்றைத் திரி எல்லாமே மந்தமாகத்தான் தெரியும்.

எடையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நல்லது. 150 முதல் 220 கிராம் வரை என்று வைத்துக்கொண்டால் தேட வசதி. சோதனைக்காக வாங்கும் குட்டி மெழுகுவர்த்திகளை நம்பாதீர்கள், அவற்றின் திரியும் வேறு, எரியும் விதமும் வேறு. குட்டியில் நன்றாக மணந்தது பெரிய ஜாடியில் அப்படி மணக்காமல் போகலாம்.

2. பற்றவைக்கும் முன் லேபிளைப் படியுங்கள், படம் எடுத்து வையுங்கள்

மேல்மூடி, பக்கவாட்டு லேபிள், அடியில் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டு, வெளி அட்டைப்பெட்டி என நான்கையும் செல்போனில் படம் எடுங்கள். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு எடை எவ்வளவு போட்டிருந்தது என்று தேடி நான் அலைந்திருக்கிறேன்.

லேபிளில் பார்க்க வேண்டியவை:

நிகர எடை. ‘நிகர’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ‘எடை’ என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். அவுன்ஸ் என்று போட்டிருந்தால் அது எடை அவுன்ஸா, கொள்ளளவு அவுன்ஸா என்றும் பாருங்கள். எடை அவுன்ஸ் 28.35 கிராம். கொள்ளளவு அவுன்ஸ் சுமார் 29.6 மில்லிலிட்டர், மெழுகு தண்ணீரைவிட லேசானது என்பதால் அவ்வளவு கொள்ளளவுக்குள் 27 கிராம்போலத்தான் பிடிக்கும். அதிலும் ஜாடியின் கொள்ளளவைத்தான் அச்சிடுகிறார்கள் என்றால், மேலே விடும் இடைவெளியும் கழியும். 8 அவுன்ஸ் ஜாடி என்பதும் 8 அவுன்ஸ் மெழுகு என்பதும் ஒன்றல்ல.

எரியும் நேரம். இதை நிகர எடையோடு சேர்த்தே படிக்க வேண்டும். கிராமை மணியால் வகுத்துப் பாருங்கள். பெயர்பெற்ற சில நிறுவனங்களின் ஜாடிகளையே எடுத்துக்கொள்வோம். டிப்டிக் ஜாடியின் வழக்கமான அளவு 190 கிராம், சுமார் 60 மணி நேரம் என்கிறார்கள், அதாவது மணிக்கு 3 கிராமுக்குச் சற்று மேல். ஜோ மலோன் 200 கிராம், 45 மணி நேரம், மணிக்கு நாலரை கிராம்போல. பாத் அண்ட் பாடி வொர்க்ஸின் மூன்று திரி ஜாடி 411 கிராம், 25 முதல் 45 மணி நேரம், மணிக்கு 9 முதல் 16 கிராம் வரை. இரண்டு மடங்கு எடை உள்ள ஜாடி முதலில் தீர்ந்துபோவது இதனால்தான். ஒற்றைத் திரி ஜாடியில் மணிக்கு 3 கிராமுக்கும் குறைவாகக் கணக்கு வந்தால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், எரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மெழுகின் பெயர். ‘சோயா கலவை’ என்றால் அதில் சோயா எத்தனை பங்கு என்று எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். பத்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம், ஒன்பது பங்காகவும் இருக்கலாம். ‘நூறு சதவீதம் சோயா’ என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் சோயா விலை கொடுங்கள். ‘கையால் ஊற்றியது’, ‘பிரீமியம்’, ‘ஸ்பா தரம்’ போன்றவற்றுக்கு அளவுகோல் கிடையாது, அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒவ்வாமை எச்சரிக்கை. லினலூல், லிமோனீன், சிட்ரோனெல்லால், கூமரின் மாதிரியான பெயர்களை லேபிளில் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பூ, பழ வாசனைகள் பலவற்றில் இயல்பாகவே இருக்கும் பொருட்கள் இவை. உங்களுக்கு ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாது என்றால் தவிர்ப்பதற்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். எழுதியிருப்பவரை நம்பலாம். எதுவுமே எழுதாமல் ‘முற்றிலும் இயற்கை’ என்று மட்டும் போட்டிருப்பவரிடம்தான் கேள்வி கேட்க வேண்டும். சின்ன அளவில் தயாரிப்பவர்களிடம் வாங்கினால், வாசனை எண்ணெய் இஃப்ரா விதிகளுக்கு உட்பட்டதா என்று ஒரு வரி கேளுங்கள். இஃப்ரா என்பது வாசனைத் துறையின் உலக அமைப்பு, எந்த வாசனைப் பொருளை எந்த அளவுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று வரையறுக்கிறது. ஒழுங்காகச் செய்கிறவர்களிடம் எண்ணெய் விற்றவர் கொடுத்த சான்று இருக்கும், கேட்டால் அனுப்புவார்கள்.

ரசீதையும், அடியில் இருக்கும் தொகுப்பு எண்ணையும் கடைசிவரை வைத்திருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒருமுறை பற்றவைத்த மெழுகுவர்த்தியைப் பெரும்பாலும் யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். விரிசல், நடுவில் இல்லாமல் சாய்ந்த திரி, மேற்பரப்பில் எண்ணெய் கசிவு ஆகியவை இருந்தால் பற்றவைக்கும் முன்பே படத்தோடு புகார் சொல்லிவிடுங்கள். திரி ஒரு பக்கமாக இருந்த ஒன்றை, சரி எரியட்டும் பார்ப்போம் என்று நான் ஏற்றினேன். அந்தப் பக்கத்துக் கண்ணாடி கரியேறிப்போனது, விற்றவரிடம் கேட்டால் பயன்படுத்திய பொருள் என்று கையை விரித்துவிட்டார்கள்.

3. மெழுகையும் திரியையும் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. மலிவானவற்றில் மிகுதியாக இருப்பது இதுதான், உயர்விலைப் பெயர்கள் சிலவும் இதைத்தான் பயன்படுத்துகின்றன, ஏனென்றால் வாசனையை நன்றாக வெளியே தள்ளும். சோயா மெழுகு மென்மையானது, மெதுவாக எரியும், வாசனை கொஞ்சம் அடங்கி வரும். தேன்மெழுகு கடினமானது, 62 முதல் 64 டிகிரி செல்சியஸில்தான் உருகும், அதற்கென்று சொந்த மணம் உண்டு, அதனால் வேறு வாசனை சேர்க்க அவ்வளவாகத் தோதுப்படாது. தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த மெழுகு, சோயாவோடு கலந்து நடுத்தர, உயர்விலை ஜாடிகளில் வரும்.

பாரஃபின் விஷம், சோயா சுத்தம் என்று விற்கிறவர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். திரி நீளமாக இருந்தால், காற்று அடித்தால், எந்த மெழுகும் கரி கக்கும். என் மூன்றில் ஜாடி விளிம்பை அதிகம் கறுப்பாக்கியது சோயா என்று பெரிதாக எழுதியிருந்த ஒன்றுதான், அதன் திரி ஜாடிக்குத் தேவையானதைவிடத் தடிமன்.

சோயா மெழுகின் மேல் வெள்ளையாகப் பூத்தமாதிரி படிந்தால் அது கெட்டுப்போனது அல்ல, அதன் இயல்பு. வெனிலா சேர்ந்த மெழுகு நாளாக நாளாகப் பழுப்பேறுவதும் அப்படித்தான். இவற்றைக் குறையாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

திரியில் பருத்தி போதும். உள்ளே உலோகக் கம்பி தெரிந்தால் அது இப்போது பெரும்பாலும் துத்தநாகம். ஈயக் கம்பித் திரியை அமெரிக்கா 2003இல் தடை செய்தது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத, லேபிளே இல்லாத பழைய சரக்கில் கம்பி தெரிந்தால் வாங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் திரி நுனியை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள், பென்சில் கோடுபோலச் சாம்பல் நிறம் விழுந்தால் ஒதுக்கிவிடுங்கள். மரத்திரி சடசடவென்று சத்தம் போடும், கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அடிக்கடி அணையும். முதல் தடவை வாங்குகிறவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

4. மூடியைத் திறந்து முகர்ந்து முடிவு செய்யாதீர்கள்

பெரும்பாலானவர்கள் பணத்தை விடும் இடம் இது. மூடியைத் திறந்ததும் வரும் வாசனை வேறு, எரியும்போது அறையில் பரவும் வாசனை வேறு. முதலாவது நன்றாக இருப்பது சுலபம், மூடிக்குள் பல நாள் அடைந்து கிடந்த மணம்தான் அது. திறந்ததும் தூக்கலாக அடித்து, ஏற்றினால் ஒன்றுமே வராத மெழுகுவர்த்திகள் மலிவு வகையில் ஏராளம். என் உயர்விலை ஜாடி நேர்மாறாக இருந்தது, திறந்தபோது இதற்கா இவ்வளவு என்று தோன்றியது, ஏற்றி நாற்பது நிமிடம் ஆனபின்தான் அறை மாறியது.

கடையில் முகரும்போது மூன்றுக்கு மேல் போகாதீர்கள், மூக்கு மரத்துவிடும். நடுவில் வெளியே வந்து சும்மா காற்று வாங்குங்கள், இல்லையென்றால் உங்கள் சட்டைக் கையை முகருங்கள். வாசனை பிடிக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் மூடி சொல்லும். எவ்வளவு பரவும், எத்தனை நாள் தாங்கும் என்பதற்கெல்லாம் மூடியிடம் பதில் இல்லை.

‘வாசனை எண்ணெய் 12 சதவீதம்’ என்று பெருமையாக எழுதியிருந்தாலும் மயங்க வேண்டாம். வழக்கமாகச் சேர்ப்பது 6 முதல் 10 சதவீதம். மெழுகு தாங்குவதற்கு மேல் ஊற்றினால் எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும், திரியும் அடைத்துக்கொள்ளும்.

5. ஏற்றுவதற்கு முன் ஐந்து நிமிட வேலை

வந்த அன்றே ஏற்றாதீர்கள். வழியில் சூடுபட்டோ குளிர்பட்டோ வந்திருக்கும், ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்தில் இருக்கட்டும். சின்னத் தயாரிப்பாளரிடம் புதிதாக ஊற்றிய சோயா வாங்கினால் ஊற்றிய தேதியைக் கேளுங்கள். சோயாவில் வாசனை நன்றாகக் கலந்து சேர ஒன்று இரண்டு வாரம் எடுக்கும், அதற்குமுன் ஏற்றி மணமில்லை என்று சொன்னால் அது நம் தவறு.

மூடியை எடுத்துவிட்டு ஜாடியோடு எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என் நடுத்தர ஜாடி 512 கிராம். இந்த எண் முக்கியம், இதைத் தவறவிட்டால் பிறகு பிடிக்க முடியாது.

திரி 6 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் நறுக்குங்கள். ஏற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும், திரி நுனியில் காளான்போலத் திரளும் கரியையும் கிள்ளி எடுங்கள். நறுக்கிய துண்டு மெழுகில் விழுந்தால் எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் அதுவும் பற்றிக்கொள்ளும்.

6. முதல் எரிப்புக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மலிவு மெழுகுவர்த்திகூட ஓரளவு மரியாதையாக எரியும். தவறவிட்டால் விலையுயர்ந்ததும் பாழ்.

முதல் தடவை ஏற்றும்போது உருகிய மெழுகு ஜாடியின் ஓரம்வரை சென்று தொட வேண்டும். அதற்கு முன் அணைத்துவிட்டால், அடுத்த தடவையும் அந்த வட்டத்துக்குள்ளேயே உருகி, கீழ்நோக்கிக் குழி பறிக்கும். ஓரத்து மெழுகு கடைசிவரை எரியாது. நீங்கள் காசு கொடுத்த மெழுகில் நாலில் ஒரு பங்கு சுவராக நிற்கும், திரி அந்தக் குழிக்குள் மூச்சுமுட்டி அணையும்.

எவ்வளவு நேரம் ஆகும்? ஜாடியின் விட்டத்தில் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் ஒரு மணி நேரம் என்பது கைக்கணக்கு. ஏழரை சென்டிமீட்டர் ஜாடி என்றால் மூன்று மணி நேரம். அதனால் இன்னும் ஒரு மணி நேரத்தில் வெளியே கிளம்ப வேண்டும் என்றால் அன்று ஏற்றாதீர்கள். அதே சமயம் நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாக எரிக்கவும் கூடாது, ஜாடி அளவுக்கு மீறிச் சூடாகும், சுடரும் பெரிதாகும்.

நாலு மணி நேரம் ஆகியும் ஓரம் தொடவில்லை என்றால் அந்த ஜாடிக்குத் திரி போதவில்லை. உங்கள் மேல் தவறில்லை, குறிப்பேட்டில் எழுதுங்கள், மதிப்பெண்ணைக் குறையுங்கள். என் மலிவு டப்பா இரண்டாவது சுற்றிலும் இப்படித்தான் இருந்தது. நாலு மணி நேரம் காவல் இருந்தேன், ஒரு விரல் அகலத்துக்கு ஓரம் அசையவே இல்லை.

குழி விழுந்துவிட்டால் சரிசெய்ய ஒரு வழி உண்டு. அலுமினியத் தாளை ஜாடி வாயைச் சுற்றிக் கூரைபோல மடித்து, நடுவில் சுடருக்கு மட்டும் திறப்பு விட்டு ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். சூடு உள்ளே தங்கி ஓரம் இளகும். தாள் கொதிக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள், பக்கத்தை விட்டு நகராதீர்கள். ஆனால் ஒப்பீட்டுக்காக எரிக்கும்போது இதைச் செய்ய வேண்டாம், செய்தால் அந்த மெழுகுவர்த்தியின் குறையை நீங்களே மறைத்ததாகிவிடும்.

அணைக்கும்போது ஊதினால் புகை கிளம்பும், அதுவரை இருந்த வாசனையையும் கெடுக்கும். ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகில் சாய்த்து அமுக்கி, உடனே நிமிர்த்திவிடுங்கள். புகையே வராது, திரியில் மெழுகு ஏறியிருப்பதால் அடுத்த தடவை உடனே பற்றும். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது, சூடான மெழுகு தெறிக்கும்.

7. ஒரு அறை, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு நாள்

இப்போது உண்மையான சோதனை. ஒரே அறையைத் தேர்ந்தெடுங்கள், கதவு சாத்தியிருக்கட்டும், மின்விசிறி வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று மட்டும், மறுநாள் அறையைக் காற்றாட விட்டு, அதற்கடுத்த நாள் இன்னொன்று. மூன்றையும் மாற்றி மாற்றி ஏற்றினால் முதல் கட்டத்துக்கே ஒரு வாரம் ஓடிவிடும்.

ஏற்றிவிட்டு அதே அறையில் உட்கார்ந்திருந்தால் உங்கள் மூக்கு பத்துப் பதினைந்து நிமிடத்தில் பழகிப்போய், வாசனை நின்றுவிட்டதுபோலத் தோன்றும். அதனால் ஒரு மணி நேரம் ஆனதும் வெளியே போய் பத்து நிமிடம் கழித்து உள்ளே வாருங்கள். கதவைத் திறந்த அந்த முதல் மூச்சில் வருவதுதான் மதிப்பெண். 0 முதல் 5 வரை வைத்துக்கொள்ளுங்கள்: 0 என்றால் ஒன்றுமில்லை, 3 என்றால் வாசலிலேயே தெரிகிறது, 5 என்றால் அறையைத் தாண்டி வருகிறது. வீட்டில் இன்னொருவர் இருந்தால் எது என்று சொல்லாமல் அவரையும் உள்ளே வரச் சொல்லுங்கள். என் வீட்டில் நடுத்தர ஜாடிக்குத்தான் அவர் உயர்விலை என்று சொன்னார், மூன்று தடவையும்.

எரியும் சுடரைக் கவனிக்க ஆள் இருக்க வேண்டும், அதனால் பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். வீட்டில் குழந்தையோ செல்லப்பிராணியோ இருந்தால் இந்தப் பத்து நிமிடத்தையும் இன்னொருவரை உட்காரவைத்துவிட்டுச் செய்யுங்கள். கிளி மாதிரிப் பறவைகள் இருக்கும் அறையில் வாசனை மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், அவற்றின் நுரையீரல் புகையைத் தாங்காது.

மெழுகு இறுகி ஜாடி முழுக்க ஆறியபின் எடைபோடுங்கள். 512 இருந்தது மூன்று மணி நேர எரிப்புக்குப் பின் 497 என்றால், மணிக்கு 5 கிராம். இந்த எண்ணைத் தேதியோடு எழுதுங்கள்.

இதே சோதனையைப் பாதி எரிந்தபின் ஒருமுறை, கடைசி மூன்றில் ஒரு பங்கில் ஒருமுறை செய்ய வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் நாள் என் மலிவு டப்பா 3 மதிப்பெண் வாங்கியது, உயர்விலையும் 3தான். அன்றைக்கே நிறுத்தியிருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று எழுதியிருப்பேன். ஏழாவது மணி நேரத்திலிருந்து மலிவானதில் மணமே இல்லை, வெறும் மெழுகு எரிகிற நெடி மட்டும். உயர்விலை ஜாடி கடைசி வாரம்வரை மூன்றிலேயே நின்றது.

8. கணக்கு: மணமுள்ள ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

நீங்கள் எந்த நாணயத்தில் வாங்கினாலும் முறை ஒன்றுதான். என் மூன்றின் விலையும் ஒன்றுக்கு மூன்று, எட்டு என்ற விகிதத்தில் இருந்தது, எளிமைக்காக 100, 300, 800 என்று வைத்துக்கொள்வோம்.

மலிவு: 148 கிராம் மெழுகில் 40 கிராம் சுவரில் ஒட்டி வீணானது. எரிந்தது 108 கிராம், மணிக்கு 6 கிராம், ஆக 18 மணி நேரம்.

நடுத்தரம்: 200 கிராமில் 190 எரிந்தது, மணிக்கு 5 கிராம், 38 மணி நேரம்.

உயர்விலை: 180 கிராமில் 172 எரிந்தது, மணிக்கு 4 கிராம், 43 மணி நேரம்.

விலையை மணியால் வகுத்தால் 5.6, 7.9, 18.6. மூன்று மடங்கு விலை என்று தயங்கிய நடுத்தர ஜாடி, மணிக்கணக்கில் மலிவானதைவிட ஒன்றரை மடங்குகூட இல்லை. எட்டு மடங்கு விலை, மூன்றரை மடங்குக்கும் குறைவாகச் சுருங்குகிறது.

இத்தோடு நிறுத்தினாலும் மலிவுதான் ஜெயிக்கும். ஆனால் நாம் வாங்குவது வெளிச்சத்தை அல்ல, வாசனையை. மதிப்பெண் 2க்குக் கீழே போன மணி நேரங்களைக் கழித்துவிடுங்கள். மலிவானதில் மணந்தது 6 மணி நேரம் மட்டும், நடுத்தரத்தில் 34, உயர்விலையில் 40. இப்போது வகுத்தால் 16.7, 8.8, 20. மலிவு என்று வாங்கியது உயர்விலைக்கு மிக அருகில் போய் நிற்கிறது, நடுத்தரம் இரண்டிலும் ஏறக்குறைய பாதி.

இவை என் மூன்று ஜாடிகளின் எண்கள், உங்களுடையவை வேறாக வரும். நன்றாக எரியும் மலிவு ஜாடி உங்களுக்குக் கிடைத்தால் கணக்கே தலைகீழாகும், அப்படி ஒன்று கிடைத்தால் தயங்காமல் அதையே வாங்குங்கள். எழுதிவைத்தால்தான் அது தெரியும்.

9. அதிக விலை கொடுப்பது எப்போது சரி

உயர்விலையில் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது மூன்று விஷயத்துக்கு: வாசனையின் கட்டமைப்பு, ஜாடி, பெயர். முதலாவது உண்மையானது. நல்ல கலவையில் ஏற்றியதும் ஒரு மணம், ஒரு மணி நேரத்தில் இன்னொன்று, அணைத்தபின் திரைச்சீலையில் தங்குவது வேறொன்று என்று அடுக்கடுக்காக வரும். மலிவான லாவண்டர் முதல் நிமிடத்தில் எப்படியோ கடைசியிலும் அப்படியேதான், சிலவற்றில் சோப்பு நெடிதான் மிஞ்சும். இந்த அடுக்குகள் உங்களுக்குத் தெரிகின்றன, பிடிக்கின்றன என்றால் அந்தக் காசு வீணில்லை. ஏழாம் படியில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நடுத்தரத்திலேயே நில்லுங்கள்.

குளியலறை போன்ற சின்ன இடத்துக்கு மலிவானதே போதும், அரை மணி நேரம் ஏற்றி அணைப்பதற்கு நல்ல ஜாடியை வைத்தால் முதல் எரிப்பிலேயே குழி விழுந்துவிடும். பெரிய கூடத்துக்கு விலையை ஏற்றுவதைவிடத் திரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பரிசாகக் கொடுப்பதென்றால் ஜாடியும் பெயரும் வேலை செய்யும், அங்கே என் கணக்கு செல்லாது.

தள்ளுபடியில் நிறைய வாங்கிக் குவிக்க வேண்டாம். வாசனை காலப்போக்கில் மங்கும். ஒரு வருடத்துக்குள் எரித்து முடிக்கிற அளவுக்கு வாங்கி, மூடி போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

10. கடைசியில் ஜாடியை எடைபோடுங்கள்

அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். அதற்குக் கீழே எரித்தால் சுடரின் சூடு நேராகக் கண்ணாடியில் இறங்கி விரிசல் விடும், மேசையும் கருகும்.

மிச்சத்தை எடுக்க ஜாடியைக் கைபொறுக்கும் வெந்நீரில் நிறுத்துங்கள், ஓரம் இளகியதும் கத்தி முனையால் நெம்பினால் வட்டமாகக் கழன்று வரும். உருகியதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் போய் இறுகிக்கொள்ளும். தாளில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். எடுத்த மெழுகையும், துடைத்துக் காய்ந்த வெறும் ஜாடியையும் தனித்தனியாகத் தராசில் வையுங்கள். முதல் நாள் எடையிலிருந்து ஜாடியின் எடையைக் கழித்தால் உள்ளே மெழுகு எவ்வளவு இருந்தது என்று தெரிந்துவிடும். அது லேபிளில் இருந்த எண்ணோடு ஒத்துப்போனால் அடுத்த முறையும் அவரிடமே வாங்கலாம். என் நடுத்தர ஜாடி 312 காட்டியது. 512இல் கழித்தால் சரியாக 200.